நாய்க்கு வயிறு கெட்டுப்போனால் என்ன கொடுப்பது? செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, லேப்ரடார், வாசலில் வளரும் நாட்டு நாய் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். வித்தியாசம் வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

நாய் வாந்தி எடுக்கிறது, பேதியும் போகிறது. சாப்பாட்டை நிறுத்த வேண்டுமா?

வாந்தி இருந்தால் நிறுத்துங்கள். பேதி மட்டும் என்றால் நிறுத்த வேண்டாம்.

வாந்தி எடுக்கும் வளர்ந்த நாய்க்கு, கடைசி வாந்தியிலிருந்து 8 முதல் 12 மணி நேரம் சாப்பாடு இல்லாமல் விடலாம். இரவு எட்டு மணிக்குக் கக்கியதென்றால் மறுநாள் காலை வரை வயிறு காலியாக இருக்கட்டும். அதற்கு மேல் பட்டினி போடுவதில் லாபமில்லை. குடலின் உள்சுவர் தனக்கான சத்தில் ஒரு பங்கை அதன் வழியாகப் போகும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. நாள் கணக்கில் காலியாக விட்டால் அது ஆறுவது தாமதப்படும். பேதி மட்டும் உள்ள நாய்க்கு முதல் வேளையிலிருந்தே பத்தியச் சாப்பாடு கொடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

நாய்க்குட்டி, மூன்று நான்கு கிலோவுக்குள் இருக்கும் சிறு ரகம், சர்க்கரை நோய்க்கு ஊசி போடும் நாய், சினையாக இருக்கும் நாய் ஆகியவற்றைப் பட்டினி போடக் கூடாது. சிறிய உடம்பில் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடும். தள்ளாட்டம், நடுக்கம், மயக்கம் என்று போகும்.

எந்த நிலையில் சாப்பாட்டைப் பற்றி யோசிக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும்?

இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அது அடுப்பங்கரையில் தீர்க்கிற காரியமில்லை.

- ஓங்கரிக்கிறது, ஆனால் எதுவும் வெளியே வரவில்லை. வயிறு உப்பிக் கெட்டியாக இருக்கிறது. இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ராஜபாளையம், கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு போல நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு இது வரும். காலை வரை பார்ப்போம் என்று விட்டால் நாய் பிழைக்காது.
- மலத்தில் நிறைய ரத்தம், அல்லது தார் போலக் கறுத்த மலம்.
- தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டிக்கு வாந்தியும் பேதியும் சேர்ந்து வருகின்றன.
- குடித்த தண்ணீர்கூட நிற்கவில்லை.
- ஈறு வெளுத்திருக்கிறது, மஞ்சளாக இருக்கிறது, அல்லது பிசுபிசுவென்று ஒட்டுகிறது.
- நாய் எழுந்திருக்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை.
- உடல் சூடு 103.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு. தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். மூக்கைத் தொட்டுப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது.
- எலி மருந்து, பூச்சி மருந்து, அரளி, ஆமணக்கு விதை, ஆமணக்குப் பிண்ணாக்கு இவற்றில் எதையாவது தின்றிருக்கலாம் என்ற சந்தேகம். தோட்டத்துக்கு உரமாகப் போடும் ஆமணக்குப் பிண்ணாக்கின் வாசனைக்கு நாய் தேடிப் போய்த் தின்னும். அதில் உள்ள விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஈறைப் பார்க்கும் விதம்: மேல் உதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். பிடரித் தோலை இழுத்து விட்டுப் பார்க்கும் சோதனையும் உண்டு. ஆனால் கன்னி, சிப்பிப்பாறை போன்ற ஒட்டிய உடம்புக்காரர்களிடமும் வயதான நாய்களிடமும் தோல் மெதுவாகத்தான் திரும்பும். அவற்றுக்கு ஈறை நம்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை, குரல் மாறிவிட்டது, நடத்தையும் வழக்கமாக இல்லை என்றால் தொண்டையில் எலும்பு சிக்கியதென்று நினைத்து வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோய்க்கும் இதே அடையாளங்கள் உண்டு.

அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்டுப் பார்க்கலாம். அது பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காக ஓடுவது. ஆகவே அது வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் ஆட்டோ பிடித்துவிடுவது நல்லது.

தண்ணீர் எப்படிக் கொடுப்பது?

பேதி மட்டும் என்றால் கிண்ணத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். சித்திரை வைகாசி வெயிலில் தண்ணீரை எடுத்து ஒளித்து வைப்பது பேதியை விட ஆபத்து.

வாந்தி இருந்தால் கணக்காகக் கொடுக்க வேண்டும். வாந்தி நின்று ஒரு மணி நேரம் கழித்து, 10 கிலோ நாய்க்கு இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மில்லி. 25 கிலோவுக்கு அரைத் தம்ளருக்குச் சற்றுக் குறைவு. அரை மணிக்கு ஒரு முறை இதே அளவு. நான்கு முறை உள்ளே நின்றுவிட்டால் அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போய், பிறகு கிண்ணத்தையே வைத்துவிடலாம். தாகத்தில் முழுக் கிண்ணத்தையும் ஒரே மூச்சில் குடித்தால் இரைப்பை விரிந்து அப்படியே திருப்பி அனுப்பிவிடும். நாய்க்கு மறுபடி வாந்தி என்று வருகிற போன்களில் பாதி, இந்தத் தண்ணீர் வாந்திதான்.

ஓஆர்எஸ், இளநீர், குளுக்கோஸ்?

மருந்துக்கடை ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டபடி ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கொடுக்கலாம். அரைப் பொட்டலத்தைக் கண்ணளவில் ஒரு தம்ளரில் கரைப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. உப்புக் கூடிப்போய் பேதி அதிகமாகும். வாசனை சேர்க்காததாக வாங்குங்கள். உறையில் சைலிட்டால் என்ற இனிப்பு இருந்தால் தொடவே கூடாது. நாய்க்கு அது விஷம். கரைத்ததை 24 மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள்.

இளநீர் இரண்டு மூன்று கரண்டி குடித்தால் கெடுதல் இல்லை. ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. பேதியில் போன உப்பை அது ஈடு செய்யாது. சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கு வேண்டாம். வெறும் குளுக்கோஸ் தண்ணீர் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டத்தான் செய்யும்.

பத்தியச் சாப்பாட்டை எப்படிச் சமைப்பது?

பச்சரிசி, தோல் நீக்கிய எலும்பில்லாத கோழி நெஞ்சுக்கறி, தண்ணீர். வேறு எதுவும் இல்லை. உப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், ஒரு பல் பூண்டுகூட வேண்டாம். புழுங்கல் அரிசிதான் இருக்கிறதென்றால் அதுவே போதும், இன்னும் குழைய வையுங்கள். ரேஷன் அரிசியும் ஆகும்.

10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு முழு நாளுக்கு 60 கிராம் அரிசி, 120 கிராம் பச்சைக் கறி. எடை இரண்டு மடங்கானால் சாப்பாடு இரண்டு மடங்காகாது என்பதைக் கவனியுங்கள். 5 கிலோ நாய்க்கு 35 கிராம் அரிசியும் 70 கிராம் கறியும். 20 கிலோவுக்கு 110ம் 220ம். 30 கிலோவுக்கு 155ம் 310ம். தராசு இல்லாவிட்டால், 200 மில்லி தம்ளர் நிறைய அரிசி ஏறக்குறைய 160 முதல் 170 கிராம் வரும், அதை வைத்துக் கணக்குப் போடலாம்.

அரிசியைக் களைந்து, ஒன்றுக்கு ஆறு பங்கு தண்ணீர் விட்டுக் குக்கரில் ஐந்தாறு விசில். கரண்டியால் மசித்தால் கஞ்சிப் பதத்துக்கு வர வேண்டும். நாம் சாப்பிடும் உதிரிச் சாதம் இதற்கு ஆகாது. கெட்டுப்போன குடலில் பருக்கை பருக்கையாக அப்படியே வெளியே வரும்.

கறியைத் தனிப் பாத்திரத்தில் மூழ்கும் தண்ணீரில் 20 நிமிடம் வேக வையுங்கள். ஆறியதும் மேலே படியும் கொழுப்பை வழித்துவிட்டு, நார் நாராகப் பிய்த்துச் சோற்றோடு பிசையுங்கள். கொழுப்பெடுத்த அந்தத் தண்ணீரை இரண்டு கரண்டி ஊற்றினால் வாசனைக்கு நாய் வரும். கோழிக்கடையில் ‘நாய்க்கு’ என்று கேட்டால் கழுத்து, கால், தோல், கொழுப்பு என்று அள்ளிப் போட்டுத் தருவார்கள். சாதாரண நாளைக்கே அது யோசிக்க வேண்டிய சமாச்சாரம், இந்த நேரத்தில் கூடவே கூடாது. வயிறு கெட்டிருக்கும்போது நாய்க்குச் செரிக்கக் கஷ்டமானது கொழுப்புதான்.

வெந்ததை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். எங்கள் பக்கத்து வெயிலில் கறி கலந்த குழைசாதம் மதியத்துக்குள் நூல் விட ஆரம்பிக்கும். ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் இரண்டு நாள் தாங்கும். ஒவ்வொரு வேளைக்கும் எடுத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை வேளை? எவ்வளவு?

முதல் நாள் மேலே சொன்ன அளவில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டாம் நாள் மூன்றில் இரண்டு. மூன்றாம் நாள் முழு அளவு. இது வாந்தி எடுத்த நாய்க்கு. பேதி மட்டும் என்றால் முதல் நாளே முக்கால் பங்கு கொடுக்கலாம். எந்த நாளானாலும் ஐந்தாறு வேளையாகப் பிரித்துவிடுங்கள். முதல் வேளைக்கு ஒரு கரண்டிதான். இரண்டு மணி நேரம் பாருங்கள். உள்ளே நின்றால் அடுத்த கரண்டி.

பாவம், நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்று வீட்டில் யாராவது ஒருவர் தட்டு நிறைய வைத்துவிடுவார். யார் வைக்கிறார் என்பதை முதலிலேயே பேசி, ஒருவர் கையில் மட்டும் பொறுப்பைக் கொடுங்கள். கூட்டுக் குடும்பத்தில் பாதி மருத்துவம் இதுதான்.

மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. ஊட்டிவிடலாமா?

வாயைப் பிளந்து திணிக்காதீர்கள். குமட்டல் உள்ள நாய் உதட்டை நக்கும், எச்சில் விழுங்கும், தட்டைப் பார்த்துத் தலையைத் திருப்பும். அந்த நேரத்தில் திணித்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அதோடு அந்த உணவையே பிறகு வெறுத்துவிடும். இலேசாகச் சூடாக்கி, கையில் ஒரு கவளம் நீட்டிப் பாருங்கள், போதும். வளர்ந்த நாய் 24 மணி நேரம் தாண்டியும் எதையும் தொடவில்லை என்றால் அது வயிற்றுப் பிரச்சினையாக மட்டும் இருக்காது. உண்ணிக் காய்ச்சல் இந்தப் பக்கம் சாதாரணம். அதில் முதலில் தெரிவதே சாப்பிடாமல் சுருண்டு படுப்பதுதான். காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீட்டுச் சுவர் வெடிப்பிலும் நிலைக்கதவு இடுக்கிலும் உண்ணி முட்டையிட்டுக் குடியிருக்கும். நாயின் மேல் இல்லை என்பதால் வீட்டில் இல்லை என்றாகாது.

எங்கள் வீட்டில் கறி சமைப்பதில்லை. மாற்று என்ன?

முட்டை சமைக்கலாம் என்றால் சிக்கல் இல்லை. 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு இரண்டு முட்டையை வேக வைத்து, மஞ்சள் கரு ஒன்றை எடுத்துவிட்டு, மற்றதைச் சோற்றில் மசித்துவிடுங்கள். அதுவும் ஆகாதென்றால் வீட்டில் எலுமிச்சை பிழிந்து திரித்த, கொழுப்பெடுத்த பாலின் பனீர். நன்றாகக் கழுவிப் புளிப்பை நீக்கி 80 முதல் 100 கிராம். கடைப் பனீரில் கொழுப்பு அதிகம். பாசிப்பருப்பைக் குழைய வேக வைத்துச் சோற்றில் கால் பங்கு சேர்ப்பவர்கள் உண்டு. சில நாய்க்கு ஒத்துக்கொள்ளும், சிலதுக்கு வாயு பிடிக்கும். துவரம்பருப்பு, உளுந்து, சாம்பார் எதுவும் வேண்டாம்.

கோழி ஒத்துக்கொள்ளாத நாய்க்குக் கொடுவா போன்ற கொழுப்புக் குறைந்த மீன் நல்லது. வேக வைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுக்கப் பொறுமை இருந்தால் மட்டும்.

பால், தயிர், மோர்?

பால் கூடாது. பேதியில் குடலின் மேற்பரப்பு தேய்ந்திருக்கும், பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்திருக்கும்; பால் போனால் பேதி கூடும்.

புளிக்காத வீட்டுத் தயிர், வாந்தி நின்ற பிறகு, 10 கிலோ நாய்க்கு வேளைக்கு ஒரு தேக்கரண்டி. இதுவரை தயிரே தின்றறியாத நாய்க்கு இப்போது புதிதாகப் பழக்க வேண்டாம். மோர் என்றால் உப்பு, பெருங்காயம், பச்சை மிளகாய் எதுவும் போடாத நீர்மோர்.

பழைய சோறு? இட்லி? கவுனி அரிசி?

பழைய சோறு மனிதருக்கு வயிற்றைக் குளிர்விக்கும். வாந்தியெடுக்கும் நாய்க்கு அது வேண்டாம். இரவு முழுக்க வெளியில் இருந்த சோற்றில் என்னென்ன கிருமி வளர்ந்திருக்கிறது என்பது உங்கள் வீட்டுப் பானைக்குத்தான் தெரியும். அதோடு அதில் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்ந்துவிடும். இட்லியில் உளுந்தும் உப்பும் உண்டு. குணமாகி வரும்போது பாதி இட்லி சட்னி சாம்பார் இல்லாமல் தின்றால் பரவாயில்லை, பத்தியமாக வேண்டாம். கவுனி அரிசி தவிட்டோடு இருப்பது, நார் அதிகம், இந்த நேரத்துக்கு உதவாது. சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்ட கவுனியரிசி இனிப்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

விருந்துக்கு மறுநாள் நாய்க்கு வயிறு கெட்டுவிடுகிறது. எதனால்?

கல்யாணம், சாந்தி, படைப்பு என்று ஏதாவது நடந்தால் பின்கட்டில் இலை குவியும், நாய் அங்கே போகும். மிளகும் கல்பாசியும் மராட்டி மொக்கும்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். மசாலா வயிற்றை எரிக்கும், ஒரு நாள் பேதியாகும், பெரும்பாலும் அதோடு சரி. பயப்பட வேண்டியவை வேறு நான்கு.

முதலாவது எண்ணெயும் கொழுப்பும். ஆட்டுக் கொழுப்பு, குழம்பில் மிதக்கும் எண்ணெய், பொரித்த சீயம், கந்தரப்பம். இவை ஒரே நேரத்தில் நிறையப் போனால் கணையம் வீங்கலாம். நாய் ஓயாமல் வாந்தியெடுக்கும். முன்னங்காலைத் தரையில் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும், வயிற்றைத் தொட விடாது. இதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

இரண்டாவது வெங்காயமும் பூண்டும். செட்டிநாட்டுக் குழம்பில் சின்ன வெங்காயம் கைப்பிடிக் கணக்கில் விழும். நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அது உடைக்கும். வதக்கினாலும் வேக வைத்தாலும் பொடியாக்கினாலும் விஷம் போகாது. 10 கிலோ நாய் ஒரே தடவையில் 50 கிராமுக்கு மேல் வெங்காயம் தின்றால் கவலைப்பட வேண்டிய அளவு. பூண்டு அதைவிடக் குறைந்த அளவிலேயே வேலையைக் காட்டும். இதில் ஏமாற்று என்னவென்றால், பேதி முதல் நாள் வந்து நின்றுவிடும். ரத்தச்சோகை சில நாள் கழித்துத்தான் தெரியும். ஈறு வெளுத்து, சிறுநீர் பழுப்புச் சிவப்பாகி, நாய் நாலடி நடந்தால் உட்காரும். ஆகவே விருந்துக்குப் பிறகு ஒரு வாரம் ஈறைப் பாருங்கள்.

மூன்றாவது உலர்திராட்சை. பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் கேசரியிலும் இருக்கிறது. நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எந்த நாய்க்கு எத்தனை ஆபத்து என்று அளவு சொல்ல முடியாத பொருள் இது. தின்றது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

நாலாவது வெந்த எலும்பு. பச்சை எலும்பைப் போல அது வளையாது, ஊசி ஊசியாகச் சிதறும். விழுங்கிவிட்டதென்றால் வாந்தியெடுக்க வைக்காதீர்கள். ஏறி வரும்போதுதான் தொண்டையைக் கிழிக்கும். மலம் போகிறதா, சாப்பிடுகிறதா, வயிறு வலிக்கிறதா என்று மூன்று நாள் பாருங்கள். இதே வரிசையில் மாங்கொட்டை, சோளக்கதிர்த் தண்டு, கறி ஒட்டிய பிளாஸ்டிக் பை. இவை குடலை அடைத்தால் வாந்தி நிற்காது, மலமும் வராது.

தடுப்பது சுலபம்: விருந்து நாளில் நாய்க்கு அதன் வழக்கமான சாப்பாட்டைப் பந்திக்கு முன்பே கொடுத்து, இலை எடுத்து முடியும்வரை முன்பக்கம் கட்டிவையுங்கள்.

பரங்கிக்காய் நல்லது என்கிறார்களே?

நல்லதுதான். தோல், விதை நீக்கி ஆவியில் வேக வைத்து மசித்தது, சிறிய நாய்க்கு ஒரு தேக்கரண்டி, பெரிய நாய்க்கு இரண்டு மேசைக்கரண்டி, இரண்டு வேளை. அதில் உள்ள நார் நீரை உறிஞ்சிக்கொள்ளும். சளி கலந்து அடிக்கடி முக்கி முக்கிப் போகும் பேதிக்கு இது கேட்கும். நீர் நீராகக் குடம் குடமாகப் போவதற்குக் கேட்காது.

குழந்தைக்குக் கொடுக்கும் உரை மருந்து, ஓமம், வெந்தயம் கொடுக்கலாமா?

உரை மருந்து வேண்டவே வேண்டாம். அதில் சாதிக்காய் இருக்கிறது. நாய்க்குச் சாதிக்காய் விஷம். நடுக்கம், படபடப்பு, வலிப்பு வரை போகும். வசம்பையும் கொடுக்காதீர்கள். விளக்கெண்ணெய் ஊற்றிக் குடலைக் கழுவுவது, உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தியெடுக்க வைப்பது இரண்டும் நாயைக் கொன்றிருக்கின்றன. ஓமத் தண்ணீரும் வெந்தயமும் விஷமில்லை, ஆனால் கஞ்சி செய்யாத எதையும் அவை செய்யப்போவதில்லை.

மனிதருக்கான மாத்திரைகளில் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் ஒரு துண்டுகூடக் கூடாது. பேதியை நிறுத்தும் லோப்பரமைடு சில ரக நாய்களின் மூளைக்குள் புகுந்துவிடும், கோலி வகை நாய்கள் அதில் முக்கியம். மற்றவற்றுக்கும், உள்ளே தொற்று இருக்கும்போது பேதியை அடைத்துவிடுவது கிருமியை உள்ளே பூட்டுவதுதான். போன தடவை எழுதிக் கொடுத்த மெட்ரோனிடசோல் மீதமிருக்கிறது என்று எடுத்துக் கொடுப்பதும் தப்பு. அளவு மீறினால் நரம்பைப் பாதிக்கும், தேவையில்லாமல் கொடுத்தால் குடலின் நல்ல கிருமிகளை மாதக்கணக்கில் கலைத்துவிடும். நாய்களுக்கென்றே வரும் புரோபயாட்டிக் பொடி கிடைத்தால் கொடுக்கலாம்.

குட்டி நாய்க்கு இதே முறையா?

இல்லை. குட்டிக்கு வாந்தியும் பேதியும் வந்தால், பார்வோ என்ற வைரஸ் நோய் இல்லை என்று உறுதியாகும்வரை பார்வோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரை உள்ள குட்டிகளைத்தான் அது அதிகம் பிடிக்கும். சோர்வு, பிறகு வாந்தி, பிறகு வீடெல்லாம் நாறும் ரத்தப் பேதி. நரம்பில் நீரேற்றினால் நிறையக் குட்டிகள் பிழைக்கின்றன. வீட்டில் வைத்துக் கஞ்சி ஊற்றினால் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போட வேண்டும். ஒரே ஒரு ஊசி போட்டாயிற்று என்பது கணக்கில் வராது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு அந்த ஊசியை வேலை செய்யவிடாமல் தடுத்திருக்கலாம்.

இன்னொன்று பூச்சி. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எட்டு வாரம் வரை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருந்து கொடுக்க வேண்டும். எடை பார்த்துத்தான் அளவு.

சுறுசுறுப்பாக ஓடியாடும், தடுப்பூசி முடிந்த குட்டிக்கு இலேசான பேதி என்றால் மட்டும் பத்தியச் சாப்பாட்டை மூன்று மணிக்கு ஒரு முறை கொடுத்து ஒரு நாள் பார்க்கலாம்.

மலத்தைப் பார்த்து ஏதாவது தெரியுமா?

நிறையத் தெரியும். ஒரு நாளில் மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு முறையும் நிறைய, நீராக: சிறுகுடல். பத்துத் தடவை, ஒவ்வொரு முறையும் ஒரு கரண்டி, சளி, ஓரத்தில் சிவப்புக் கோடு, முக்கல்: பெருங்குடல். சுண்ணாம்பு போல வெளுத்துக் கெட்டியாக இருந்தால் எலும்பு தின்றிருக்கிறது. போனில் ஒரு படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த மாதிரியைச் சின்ன டப்பாவில் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

எப்போது வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பலாம்?

மலம் கெட்டியாகி முழுதாக இரண்டு நாள் ஆன பிறகு. முதல் நாள் கால் பங்கு வழக்கமான உணவு, முக்கால் பங்கு பத்தியம், பிறகு பாதிக்குப் பாதி, பிறகு முக்கால், நாலாம் ஐந்தாம் நாள் முழுதும். இடையில் மலம் இளகினால் ஒரு படி இறங்கி இரண்டு நாள் நில்லுங்கள். பத்தியத்தின் நடுவே ஒரு நாள் முழுக்க மலமே வராமல் இருந்தால் பயப்படாதீர்கள். காலியான குடல் நிரம்ப நேரமாகும்.

நன்றாகத்தான் இருக்கிறது என்று கோழிச்சோற்றையே மாதக்கணக்கில் தொடர்பவர்கள் இருக்கிறார்கள். அதில் சுண்ணாம்புச்சத்து இல்லை, இன்னும் பல சத்துகள் இல்லை. வளர்ந்த நாய்க்கு ஒரு வாரம் வரைக்கும்தான் அது.

மாதம் ஒரு தடவை வயிறு கெடுகிறதே?

அப்படியானால் அது ‘ஏதோ தின்றுவிட்டது’ அல்ல. பூச்சி, ஜியார்டியா என்ற ஓரணு ஒட்டுண்ணி, ஏதாவது ஒரு புரதம் ஒத்துக்கொள்ளாமை, கணையக் கோளாறு என்று மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கும். தின்றது, கக்கியது, தேதி மூன்றையும் காலண்டரில் குறித்து வந்தால் அவருக்கு வேலை பாதி குறையும்.

நாங்கள் வெளியூரில். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான் நாய்க்கும் சோறு வைக்கிறார். போனில் என்ன சொல்வது?

முதலில் அவரை வீடியோவில் ஈறைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு நான்கு கேள்வி: கடைசியாக எப்போது கக்கியது, தண்ணீர் நிற்கிறதா, மலத்தில் ரத்தம் உண்டா, கூப்பிட்டால் எழுந்து வருகிறதா. பதில் சரியாக இருந்தால் கஞ்சிக் கணக்கைக் கிராமில் சொல்லாமல் அந்த வீட்டுத் தம்ளர், கரண்டிக் கணக்கில் சொல்லுங்கள். குழம்பு ஊற்றினால்தான் தின்னும் என்பார். தின்னாவிட்டாலும் பரவாயில்லை, குழம்பு வேண்டாம் என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள். மருத்துவரின் எண்ணும் கொஞ்சம் பணமும் அவரிடம் முன்பே இருக்கட்டும். உங்கள் அனுமதிக்காக அவர் ராத்திரி முழுக்கக் காத்திருந்தால் நாய்தான் பாடுபடும்.

பார்வோ வந்த குட்டி இருந்த இடத்தை எப்படிச் சுத்தம் செய்வது? ஆத்தங்குடித் தரை கெடாதா?

ஃபினாயில் பார்வோவைக் கொல்லாது. முதலில் மலம், வாந்தியை அள்ளி, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். அழுக்கின் மேல் ஊற்றும் பிளீச் வீண். பிறகு 30 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு வீட்டு பிளீச் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட்டு, நல்ல தண்ணீரால் அலசுங்கள். ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டில் வார்த்தது. ஆசிட் பட்டால் அரித்துவிடும், ஆகவே கழிப்பறை ஆசிட் பக்கம் போகாதீர்கள். பிளீச்சையும் மூலையில் ஒரு கல்லில் சோதித்துப் பார்த்துவிட்டு, அலசியதும் துடைத்துவிடுங்கள். ஆசிட்டையும் பிளீச்சையும் எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக் கூடாது. வரும் புகை நுரையீரலைப் பாதிக்கும்.

முற்றத்து மண்ணிலும் தோட்டத்திலும் கிருமி மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். தடுப்பூசி முழுதாக முடியாத வேறு குட்டியை அதுவரை அந்த வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். சாக்கு, பழைய போர்வை, மரத்தட்டு போன்றவற்றை எரித்துவிடுவது மேல். எவர்சில்வர் கிண்ணத்தைக் கொதிநீரில் கழுவி, பிளீச் நீரில் ஊறவிட்டு, அலசி வெயிலில் காய வைத்துப் பயன்படுத்தலாம்.